ஹாட் பாக்ஸ் பாக்கி

ஜூன் 2, ஞாயிறு

இந்த டைரி ஒரு நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்தது. கொடுத்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. அம்மாவின் கொலுசுத் திருகை மாற்றப் போன அப்பா, டைரி தீர்ந்துவிட்டது என்று சொன்னவர்களிடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாங்கி வந்தது. ஜனவரியிலிருந்து மே வரை அம்மா பால் கணக்கு எழுதிவிட்டாள். மிச்சம் எனக்கு. எழுதும்படி என் வாழ்க்கையில் எதுவும் நடப்பதில்லை என்பதால் இதுவரை தொடவில்லை. இன்று நடந்துவிட்டது.

விருதுநகரில் பெண் பார்த்தோம். பெயர் பூங்கோதை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் பாடம் நடத்துகிறாள். காபித் தட்டை நீட்டும்போது என் முகத்தைப் பார்த்து, "கண்ணாடி இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றாள். நான் மதுரையில் ஒரு கண்ணாடிக்கடையில் கண் பரிசோதகர். பத்து வருடமாக ஊரார் கண்ணாடியை நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன். என்னுடையது சாய்ந்திருப்பதை இதுவரை யாரும் சொன்னதில்லை. பெண் பரவாயில்லை என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.

பிரச்சினை பெண்ணின் அப்பா. பெயர் திரவியம். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜாதகம் பொருந்திவிட்டது, தட்டு மாற்றத் தேதி பார்க்கலாம் என்று அப்பா ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஜாதகம் நீங்க பார்த்துட்டீங்க. எனக்குத் தம்பியோட சிபில் ரிப்போர்ட் வேணும். கடன் வாங்கி ஒழுங்காக் கட்டுன ஆளா, ஏமாத்துன ஆளான்னு அதுல தெரிஞ்சுரும்."

"நாங்க என்ன லோனா கேட்டு வந்திருக்கோம்?" என்றார் அப்பா.

"லோனுன்னா எனக்குப் பயமே இல்லங்க. ஜாமீனுக்குச் சொத்து இருக்கும். பொண்ணுக்கு என்ன இருக்கு?"

ஆடி பிறப்பதற்குள் நிச்சயம் முடியவேண்டுமாம். முடியாவிட்டால் ஆவணியில் சிங்கப்பூரிலிருந்து ஒரு வரன் வருகிறதாம். வரட்டும். நான் டீக்கடையில்கூடக் காசைக் கொடுத்துவிட்டு டீயை வாங்குகிறவன். என் ரிப்போர்ட்டைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

ஜூன் 4, செவ்வாய்

587.

தொள்ளாயிரத்துக்கு ஐந்நூற்று எண்பத்தேழு. பத்தாம் வகுப்புக் கணக்கில் பார்த்தால் பாஸ்தான், ஆனால் வங்கிக்காரர்கள் அப்படிப் பார்ப்பதில்லை என்று இணையத்தில் போட்டிருக்கிறது.

ரிப்போர்ட்டில் ஒரே ஒரு கடன். 2018 அக்டோபர், நற்பொழுது ஃபைனான்ஸ், வீட்டு உபயோகப் பொருள் வாங்க 19,800 ரூபாய். பன்னிரண்டு தவணையில் பத்து கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு கட்டப்படவில்லை. அதற்கு எதிரே வாராக்கடன் என்று ஒரு முத்திரை. வட்டியும் அபராதமும் சேர்ந்து இன்றைய பாக்கி 13,870.

நான் 2018-இல் சென்னையில் மேன்ஷனில் இருந்தேன். என் வீட்டு உபயோகப் பொருள் ஒரு பக்கெட். யாரோ என் பான் கார்டைத் திருடிக் கடன் வாங்கியிருக்கிறார்கள். தொடர்பு எண் என்று ஒரு நம்பர் இருக்கிறது, கடைசி நான்கு எண் 4412. எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது. அடித்துப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லையாம். திருடன் உஷார்.

ஜூன் 5, புதன்

காலையில் அப்பாவிடம் சொன்னேன். டிவியை அணைத்தார். எங்கள் வீட்டில் கரண்ட் போனால்தான் டிவி அணையும்.

"கம்ப்யூட்டர் தப்பா இருக்கும்டா."

"பத்து மாசம் ஒருத்தன் தவணை கட்டியிருக்கான்ப்பா. எவனோ ஃபிராடு. சைபர் கிரைம்ல புகார் குடுக்கப் போறேன்."

"போலீசு கீலீசுன்னு போனா பொண்ணு வீட்டுல என்னடா நெனப்பாங்க? கொஞ்சம் ஆறப்போடு" என்றவர், பட்டாணி வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். காலை ஏழு மணிக்கு எவன் பட்டாணி விற்கிறான் என்று தெரியவில்லை. அம்மா என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். பாவம், மகனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று கலங்கிப் போயிருக்கிறார்கள்.

ஜூன் 8, சனி

ஃபைனான்ஸ் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று சொல்லிச் சொல்லியே அரை மணி நேரம் எடுக்காமல் இருந்தார்கள். கடைசியில் ஒரு பெண் எடுத்து, "சார், டாப் லோடு வாஷிங் மெஷின். பூஞ்சோலை ஹோம் நீட்ஸ்ல எடுத்திருக்கீங்க" என்றாள். அந்தக் கடை மூடி நான்கு வருடம் ஆகிறது.

"என் துணிய நானே கையால துவைக்கிறவன்மா."

"அது எங்க ரெக்கார்டுல இல்ல சார்."

எங்கள் குடும்பத்திலேயே வாஷிங் மெஷின் வைத்திருப்பது சிவகாசியில் இருக்கும் அக்கா மட்டும்தான். அதுவும் அவளுடைய தலைதீபாவளிக்கு அப்பா ரிட்டயர்மெண்ட் பணத்தில் எடுத்துக் கொடுத்தது. ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத மெஷின். "இந்தக் கடனுக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை" என்று ஆன்லைனில் ஆட்சேபம் பதிந்துவிட்டேன். முப்பது நாளுக்குள் பதில் வருமாம்.

ஜூன் 9, ஞாயிறு

என் கண்ணாடியின் இடது பக்கத்தை நிமிர்த்தினேன். வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 12, புதன்

கடைக்கு ஒரு போன். "நான் பூங்கோதை பேசறேன். அப்பாவுக்குத் தெரியாமக் கூப்பிடுறேன். ரிப்போர்ட் என்னாச்சு?"

சர்வர் டவுன் என்றேன்.

"பத்து நாளாவா? நான் எலெக்ட்ரிகல் படிச்சவங்க."

உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரித்துவிட்டு, "நீங்க வாங்கலையா?" என்று கேட்டாள்.

"சத்தியமா வாங்கல."

"வாங்காதவங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க, வாங்குனவங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க. மெஷின் எந்த வீட்டுல எறங்குச்சுன்னு கேட்டீங்களா? டெலிவரி விலாசம் இருக்கும்ல?"

கேட்கவில்லை. தோன்றவேயில்லை. கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். காரியமாகத்தான் பேசினோம். பேச்சு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

ஜூன் 16, ஞாயிறு

மதியம் கடைக்குப் போகக் கிளம்பும்போது திடீர் மழை. அம்மா பரணிலிருந்து அப்பாவின் பழைய குடையை எடுத்துக் கொடுத்தாள். அப்பா முப்பத்தொரு வருடம் அரசு பஸ் கண்டக்டர். குடை, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் என்று எதிலும் அக்காவின் நெயில் பாலிஷை எடுத்துத் தன் போன் நம்பரை எழுதிவிடுவார். குடையின் கைப்பிடியில் அவருடைய பழைய நம்பர் சிவப்பாக எழுதியிருந்தது. கடைசி நான்கு எண் 4412.

தெருமுனையில் நின்றேன். குடை கையில் இருந்தும் முழுக்க நனைந்துவிட்டேன், விரிக்கத் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்து போனில் மெயில் வந்தது. டெலிவரி விலாசம்: சிவகாசி, அக்கா வீடு.

திரும்பிப் போனேன். அப்பா குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிவியை அணைத்தார்.

"ரிட்டயர் ஆனவனுக்குத் தவணை தரமாட்டேன்ட்டாய்ங்க. உன் பேர்ல போட்டேன். சென்னையிலருந்து லீவுக்கு வந்தப்ப நீதான் கையெழுத்துப் போட்ட. கிரிக்கெட் பார்த்துக்கிட்டே போட்ட."

"ரிட்டயர்மெண்ட் பணத்துல எடுத்தேன்னு சொன்னீங்க?"

"அந்தப் பணம் வந்ததே அடுத்த வருசம்தான். தலைதீபாவளி அதுவரைக்கும் நிக்குமா? மாப்பிள்ள வீட்டுக்கு வெறுங்கையோடயா அனுப்புறது?"

சரி. சீர் செய்யத்தான் வேண்டும். பத்துத் தவணை ஒழுங்காகக் கட்டியவர் கடைசி இரண்டை ஏன் கட்டவில்லை? பணம் இல்லையா? கேட்டதும் அப்பாவுக்குக் கோபம் வந்தது.

"பணம் இல்லாமயா? வாஷிங் மெஷின் எடுத்தா மூணு அடுக்கு ஹாட் பாக்ஸ் இலவசம்னு போர்டு வச்சிருந்தான். ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வாங்கண்ணேன்னு சொல்லி, பில்லுக்குப் பின்னால ஹாட் பாக்ஸ் பாக்கின்னு எழுதிக் குடுத்தான். பத்து மாசம் நடந்தேன்டா. அவன் தர வேண்டியதத் தரட்டும், நானும் தர்றேன்னு நிறுத்திட்டேன்."

"அந்தக் கடையே மூடிட்டாங்களேப்பா!"

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

அம்மா துண்டைக் கொண்டுவந்து என் தலையைத் துவட்டினாள். "எனக்குத் தெரியும். சொன்னா நீ கோவிப்பன்னு சொல்லல" என்றாள். கோபம்தான். ஒரு ஹாட் பாக்ஸுக்காக என் கல்யாணம் நிற்கிறது.

ஜூன் 17, திங்கள்

ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றேன். பொய்ப் புகார் என் பெயரில் இருக்க வேண்டாம். கம்பெனியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, ஐயாயிரம் கட்டினால் செட்டில்மெண்ட்டில் முடித்துவிடலாம் என்றார். பதிமூவாயிரம் சொச்சம் ஐயாயிரத்துக்கு! அப்பாவின் முகத்தில் ஆடித் தள்ளுபடி தெரிந்தது. "ஹாட் பாக்ஸையும் சேர்த்துக் கேளு" என்றார்.

எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. சம்பளம் வந்ததும் கட்டிவிடலாம்.

ஜூன் 22, சனி

திரவியம் சார் கடைக்கே வந்துவிட்டார். கண் பரிசோதனையாம். விருதுநகரில் கண்ணாடிக்கடையே இல்லாதது போல.

பரிசோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, லென்ஸைப் போட்டு, "கடைசி வரி படிங்க சார்" என்றேன்.

"என் கடைசி வரி இருக்கட்டும். உங்க ரிப்போர்ட்டுல கடைசி வரி என்ன? சர்வர் டவுன்னு என் பொண்ணு சொல்லுது. எங்க பேங்க் சர்வர்கூட இம்புட்டு நாள் படுத்ததில்ல."

ஆக, அவளும் எனக்காக அதே பொய்யைச் சொல்லியிருக்கிறாள். இதை நினைத்துச் சந்தோஷப்படுவதற்குள் கையை நீட்டிவிட்டார். போனில் ரிப்போர்ட்டைத் திறந்து கொடுத்தேன். இரும்புச் சட்டத்தோடு அதை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"வாராக்கடன்" என்றார், யாருக்கோ உடம்பு சரியில்லை என்பது போல.

"செட்டில்மெண்ட் பண்ணப் போறேன் சார். அஞ்சாயிரம்தான்."

"பண்ணிராதீங்க! கொறச்சுக் கட்டுனா கணக்கு முடியும், ஆனா செட்டில்டுன்னு ரிப்போர்ட்டுல வருசக்கணக்குல நிக்கும். நாளைக்கு வீட்டு லோனுக்குப் போனா, இவன் முழுசாக் கட்டாத ஆளுன்னுதான் எங்காளுங்க படிப்பாங்க. முழுசாக் கட்டி, பாக்கி இல்லைன்னு என்ஓசி கைல வாங்கணும். அப்புறம் ரிப்போர்ட்ட மாத்தச் சொல்லணும்." பிறகு சட்டத்தைக் கழற்றினார். "யாரு கட்டாம விட்டது?"

"வீட்டுல விட்டுப்போச்சு சார்."

"வீட்டுலன்னா?"

லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தேன். அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. அவர், "ஞாயித்துக்கெழம உங்க அப்பாவப் பார்க்க வர்றேன்" என்று எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பி, "பவர் கூடியிருக்கா?" என்றார். கூடியிருந்தது. சொல்லப் பயமாக இருந்ததால் சரியாக இருக்கிறது என்று சொல்லப் போனேன். பிறகு, தொழிலில் பொய் சொல்வதில்லை என்று உண்மையையே சொல்லி ஒரு கண்ணாடி விற்றேன். தள்ளுபடி கேட்டார்.

ஜூன் 23, ஞாயிறு

இன்று வரவில்லை. அடுத்த ஞாயிறாம்.

ஜூன் 30, ஞாயிறு

வந்தார். அப்பா அயர்ன் பண்ணிய சட்டையில், பில்லைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா கேசரி செய்திருந்தாள். ஒருவரும் தொடவில்லை.

"ரெண்டு தவணைய ஏன் கட்டல?" என்று கேட்டார் திரவியம் சார். நேராக அப்பாவிடம்.

அப்பா பில்லைத் திருப்பிக் காட்டினார்.

"சார், நான் கண்டக்டர். சில்லற இல்லாதப்ப டிக்கெட்டுக்குப் பின்னால பாக்கின்னு எழுதிக் குடுப்போம். எழுதிட்டா குடுத்தே ஆகணும். ஒரு தடவ ஒரு அம்மா நாலு ரூவா பாக்கிய வாங்காம திருமங்கலத்துல எறங்கிருச்சு. வண்டிய நிப்பாட்டச் சொல்லிட்டு ஓடிப் போயிக் குடுத்தேன். லேட்டுன்னு மெமோ குடுத்தாய்ங்க. பரவாயில்லன்னு வாங்கிக்கிட்டேன். இவன் எழுதிக் குடுத்துட்டு ஏமாத்துனா?"

திரவியம் சார் பில்லை வாங்கி, நான் விற்ற புதுக் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார்.

"அண்ணாச்சி, உங்க நியாயம் கடைக்காரன்ட்டச் சரி. ஆனா உங்களுக்குக் கடன் குடுத்தது கடைக்காரன் இல்ல, ஃபைனான்ஸ்காரன். அவன் எங்கயும் ஹாட் பாக்ஸ் தர்றேன்னு எழுதலையே?"

"ரெண்டு பேரும் ஒரே மேசையிலதான் சார் உக்காந்திருந்தாய்ங்க."

"ஒரே பஸ்ஸுல டிரைவரும் இருக்காரு. பாக்கிய அவருட்டயா கேப்பாங்க?"

அப்பா கையை நீட்டிப் பில்லைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவர் வாயடைத்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவருக்காக நானே சண்டை போடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

திரவியம் சார் எழுந்தார். "பதினாலாம் தேதி நிச்சயம் வச்சுக்குவோம். ஒரே கண்டிஷன். தாம்பூலத் தட்டுல என்ஓசி இருக்கணும். இல்லேன்னா தட்டு மாத்தமாட்டேன்." கேசரியை ஒரே வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"பொண்ணு குடுக்க வந்தவரு மாதிரியா இருக்காரு? செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரில்ல இருக்காரு" என்றார் அப்பா. பில்லை மடித்து மறுபடியும் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 3, புதன்

13,870 ரூபாயை முழுசாகக் கட்டிவிட்டேன். நிச்சயத்துக்குக் கோட்டு தைக்க வைத்திருந்த பணம். அப்பாவிடம் சொன்னேன்.

"என் பக்கம் இருந்த ஒரே பிடி அதுதான். அதயும் விட்டுட்ட" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை.

ஜூலை 6, சனி

அப்பா பேசவில்லை. அம்மா மூலமாக உப்பு கேட்கிறார்.

ஜூலை 9, செவ்வாய்

என்ஓசி வரவில்லை. மதுரைக் கிளையில் கேட்டால் தலைமை அலுவலகம் அனுப்பும் என்கிறார்கள். தலைமை அலுவலகத்தில் கேட்டால் கிளையில் கேட்கச் சொல்கிறார்கள். பெண் வீட்டில் பந்திக்கு இலை சொல்லிவிட்டார்களாம்.

பூங்கோதை தினமும் கூப்பிடுகிறாள். "வாய்ல கேக்காதீங்க. பணம் கட்டுன ரசீத இணைச்சு, குறைதீர் அலுவலருக்கு மெயில் போடுங்க. புகார் எண் வாங்குங்க" என்றாள். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன்.

"வராமப் போனா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"சிங்கப்பூர்ல ரொம்ப வெயிலாம். எனக்கு ஒத்துக்காது" என்றாள்.

போனை வைத்த பிறகு ஒரு பாட்டிக்கு வலது கண்ணை இரண்டு தடவை பரிசோதித்துவிட்டு இடது கண்ணை விட்டுவிட்டேன். எனக்கு அவளைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும். எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை.

ஜூலை 12, வெள்ளி

வந்துவிட்டது! கடை பிரிண்டரில் மூன்று பிரதி எடுத்தேன். அம்மா மூன்றின் மூலையிலும் மஞ்சள் தடவினாள். அப்பா எட்ட நின்று பார்த்துவிட்டு பீரோவைத் திறந்து எதையோ தேடினார். தாலுகா ஆபீஸ் போல இரைச்சலாகத் தேடினார்.

ஜூலை 14, ஞாயிறு

விருதுநகர். வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை, பூ. நடுவில் கண்ணாடித்தாள் உறையில் என்ஓசி. ஐயர் அதை லக்னப் பத்திரிகை என்று நினைத்து வாசிக்க ஆரம்பித்து, "கடன் கணக்கு எண்" வரை வந்து நிறுத்தினார். திரவியம் சார் வாங்கி, முத்திரை, தேதி, கையெழுத்து எல்லாம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பிறகு அவர்கள் பக்கத்துத் தட்டுகள் வந்தன. கடைசித் தட்டைத் திரவியம் சாரே தூக்கிவந்து அப்பா முன்னால் வைத்தார். புத்தம் புது மூன்றடுக்கு ஹாட் பாக்ஸ். மேலே ஒரு முழம் மல்லிகை.

"சம்பந்தி, இது இலவசமில்ல. ரொக்கம் குடுத்து வாங்குனது. கடைக்காரன் பாக்கிய யாராவது ஒருத்தர் தீர்க்கணும்ல?"

அப்பா ஹாட் பாக்ஸைத் தொட்டார். மூடியைத் திறந்தார், மூடினார். ஒவ்வொரு அடுக்காகப் பார்த்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பழைய கவரை எடுத்து என் கையில் வைத்தார். பின்பக்கம் கண்டக்டர் கையெழுத்தில் "பாக்கி 3300" என்று எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்திருந்தது. இத்தனை வருடம் பீரோவில் தன் கண்டக்டர் பைக்குள் வைத்திருந்தாராம்.

"தர வேண்டியதத் தந்தா நானும் தர்றேன்னு சொன்னேன்ல? அன்னைக்கே எடுத்து வச்சுட்டேன். பாக்கின்னு எழுதிட்டா குடுத்தே ஆகணும்ல" என்றார். பதினோரு நாளுக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு இது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அப்பா ஏமாற்றவில்லை. பணம் இல்லாமலும் இல்லை. அவருக்கு அவர் எழுதிய பாக்கியும் அடுத்தவன் எழுதிய பாக்கியும் ஒன்றுதான்.

கவரில் ஆயிரத்து முந்நூறு சில்லறை நோட்டாகவும், ஒரே ஒரு இரண்டாயிரம் ரூபாய் நோட்டும் இருந்தன. ரோஸ் நிறம், மடிப்புக் கலையாமல். திரவியம் சார் எட்டிப் பார்த்தார்.

"சம்பந்தி, இது இப்ப எங்கயும் எடுக்கமாட்டாங்களே. ரிசர்வ் பேங்குக்குத்தான் போகணும்."

"அது கவர்மெண்டு பாக்கி. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றார் அப்பா. "வட்டியும் அபராதமும் உன் பொறுப்பு" என்று என்னிடமும் சொல்லிவிட்டார்.

தட்டு மாற்றினோம். பூங்கோதை தாண்டிப் போகும்போது, "இடது பக்கம் மறுபடியும் இறங்கியிருக்கு" என்றாள்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. பூங்கோதையோடு பேசக்கூடாதாம். பேசினேன். நோட்டை மாற்றச் சென்னைக்குச் சேர்ந்தே போகலாம் என்றாள். மாற்றுவதாக இல்லை, இந்த டைரியில்தான் வைத்திருக்கிறேன். சென்னைக்கு மட்டும் போவோம் என்றேன்.

காலை இட்லி ஹாட் பாக்ஸிலிருந்து வந்தது. சூடாகத்தான் இருந்தது. நடு அடுக்கு மூடி கொஞ்சம் லூசாக இருக்கிறது என்று அப்பா பில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மாலையில் மாமா, அதாவது திரவியம் சார், போன் செய்து, தலைதீபாவளிக்கு என்ன வேண்டும் மாப்பிள்ளை என்று கேட்டார். எதுவானாலும் சரி, கூட எதுவும் இலவசமாக வராத பொருளாகப் பார்த்து வாங்குங்கள் என்றேன்.